வீட்டுக்குள்ள வந்த வெள்ளம் வடியறப்போ எதை முதல்ல பண்ணணும், எதுக்கு அவசரப்படக் கூடாது

டெல்டாவுல இருக்கறவனுக்கு வெள்ளம் புதுசில்ல, 2018ல ஆகஸ்ட்டுல கொள்ளிடம் கரைபுரண்டு ஓடுச்சு, நவம்பர்ல கஜா, ஒரே வருஷத்துல ரெண்டையும் பாத்த ஊரு இது. ஆனாலும் தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் தலைகீழாதான் வேலை பாக்குறோம். அவசரமா தள்ள வேண்டிய சேத்த அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு, ஆற அமர காயவேண்டிய சுவத்துக்கு ஓடிப்போய் பெயிண்ட் வாங்கிட்டு வருவோம்.

உள்ள போறதுக்கு முன்னாடி கரண்ட். மெயின் ஸ்விட்ச்கிட்ட போக தண்ணிக்குள்ள நிக்கணும்னா தொடவே தொடாதீங்க, லைன்மேன்கிட்ட சொல்லி போஸ்ட்லயே கட் பண்ணச் சொல்லுங்க. ஈபி லைன் போயிடுச்சுன்னு நினைச்சா இன்வெர்ட்டர் பேட்டரி உயிரோட இருக்கும், நிறைய பேரு மறந்துடறது இதத்தான். சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிடுங்க. மண்சுவர் வீடா இருந்தா சுத்தி வந்து பாருங்க, சாஞ்சிருந்தாலோ அடியில கரைஞ்சிருந்தாலோ உள்ள எதை விட்டுட்டு வந்திருந்தாலும் போகாதீங்க. பாத்திரத்துக்கு அடியில, நெல்லு மூட்டை இடுக்குல கைய விடறதுக்கு முன்னாடி ஒரு கம்பால தட்டுங்க, வெள்ளத்துல பாம்பும் மேடு தேடித்தான் வந்திருக்கும். கடிச்சிடுச்சுன்னா கட்டுப்போடறது கீறிவிடறதெல்லாம் வேணாம், நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி.

எதையும் நகத்தறதுக்கு முன்னாடி சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்குங்க, விஏஓ வந்து பாக்கறப்போ வீடு பளபளன்னு இருந்தா நம்ம என்னத்த காட்டுறது.

இப்ப சேறு. நம்ம களிமண்ணு ஈரமா இருக்கறப்போ வெண்ணெய், காஞ்சா கடப்பாரை வேணும். அதனால தண்ணி முழுசா வடியட்டும்னு காத்திருக்காதீங்க, கணுக்கால் அளவுக்கு இறங்கினதுமே தொடப்பத்தாலயோ வைப்பராலயோ அடிச் சேத்த நல்லா கலக்கிவிட்டு, உள் ரூம்லேர்ந்து ஆரம்பிச்சு கொல்லைப் பக்கமோ வாசப்பக்கமோ எந்தப் பக்கம் வாட்டம் இருக்கோ அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டே வாங்க, வெளிய போற தண்ணியே பாதி சேத்த இழுத்துட்டுப் போயிடும். வடிஞ்சப்புறம் இதே வேலைய மண்வெட்டியும் கூடையும் வச்சுதான் செய்யணும். பூட்ஸ் இருந்தா போட்டுக்குங்க, கால்ல புண்ணு இருக்கறவங்க இந்த வேலைக்கு வரவே வேணாம். அடுத்த சில வாரத்துல காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், டாக்டர்கிட்ட வெள்ளத்தண்ணியில நின்னேன்னு மறக்காம சொல்லுங்க.

ப்ளீச்சிங் பவுடர சேத்து மேல தூவுறது சும்மா மனசமாதானம், மண்ணே அதோட காரத்த தின்னுடும். சோப்பு போட்டு கழுவி அழுக்கு போனப்புறம், 10 லிட்டர் வாளிக்கு 150 கிராம் பவுடர் கரைச்சு தெளிய வச்சு, அந்தத் தெளிவ தரையிலயும் சுவத்தோட அடிப்பக்கமும் ஊத்தி அரைமணி நேரம் விட்டு அலசுங்க. ஜன்னல் திறந்திருக்கணும். பாத்ரூம் ஆசிட்ட மட்டும் இதோட கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.

உறைகிணறு இருந்தா தண்ணிய இறைச்சுட்டு குளோரின் போடணும், ஆனா சுத்தி மண்ணு ஊறியிருக்கறப்போ மோட்டார் போட்டு ஒரேயடியா காலி பண்ணாதீங்க, உறை சரிஞ்சிடும். அதுவரைக்கும் குடிக்கறது கொதிக்க வச்ச தண்ணிதான்.

இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி, நனைஞ்ச மாவு, பருப்பு எல்லாம் போனது போனதுதான், அம்மா காயவச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. தேக்கு பீரோ, கட்டிலெல்லாம் நிழல்ல காயணும், சுள்ளுன்னு வெயில்ல போட்டா பலகை வெடிச்சிடும். பட்டா, பத்திரம் ஒட்டிக்கிட்டிருந்தா பிச்சு எடுக்காம, எளிசா பிரியறத மட்டும் பிரிச்சு நடுவுல வெத்துப் பேப்பர் வச்சு ஃபேன் காத்துல விடுங்க. ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் வெளிய காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மெக்கானிக் பாக்காம பிளக் சொருக வேணாம். சுவத்து பிளக் பாயிண்ட்டும் அப்படித்தான், எலெக்ட்ரீஷியன் திறந்து பாக்கட்டும்.

கடைசியா சுவரு. ஜன்னல் கதவெல்லாம் திறந்து போட்டு காத்து விடுங்க, பீரோவ சுவத்த விட்டு தள்ளி வைங்க, இல்லேன்னா ரெண்டு நாள்லயே பின்னாடி பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும். பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சாகணும்னு வீட்ல நிப்பாங்க, ஈரத்து மேல எமல்ஷன் அடிச்சா உப்பு பூத்து சித்திரைக்குள்ள உரிஞ்சிடும். ஒரு பிளாஸ்டிக் கவர சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்க, உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவரு இன்னும் காயல. விடாப்பிடியா பொங்கலுக்கே வேணும்னா சுண்ணாம்பு அடிங்க, அது ஈரத்த வெளிய விடும், பெயிண்ட் வெயில் காலத்துல பாத்துக்கலாம்.