டாங்கியின் லேசர் ஏவுகணை: ஒரு டார்ச்சை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

அர்ஜுன் டாங்கியிலிருந்து லேசர் ஏவுகணை சோதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், லேசர்தான் எதிரி டாங்கியை எரிக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. உடைப்பது ஏவுகணையின் வெடிமுனை. லேசர் வழி மட்டும் காட்டுகிறது. அதிலும் இரண்டு முறைகள் உண்டு. செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

தேவையானவை: ஒரு டார்ச், இரண்டு நண்பர்கள், ஒரு செல்போன், விளக்கணைத்த நீளமான ஹால். லேசர் பாயின்டர் வேண்டவே வேண்டாம், கண்ணைக் கெடுத்துவிடும்.

படி 1: சுவரில் ஒரு புள்ளி

எதிர்ச் சுவரில் டார்ச் அடியுங்கள். நண்பர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்கட்டும். புள்ளியை மெதுவாக நகர்த்தினால் அவரும் திரும்புவார். அவர் பார்ப்பது உங்களை அல்ல, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை. இஸ்ரேலின் லாஹட் ஏவுகணை இப்படித்தான் பறக்கிறது. அதன் கண் மூக்கில் இருக்கிறது.

இப்போது டார்ச்சை இரண்டாவது நண்பரிடம் கொடுத்து வேறு மூலையில் நிற்கச் சொல்லுங்கள். நடப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. டாங்கி மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்க, வேறொருவர் இலக்கின்மேல் லேசர் பாய்ச்சலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம். ஏவுகணை வேறு யாரோ அடிக்கும் லேசரைப் பின்தொடர்ந்து போய்விடாதபடி, லேசர் துடிப்புகளில் ஒரு ரகசியக் குறியீடும் இருக்கும்.

படி 2: ஒளிக்குள் நடப்பது

நண்பர் உங்களுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். கையில் செல்போன், அதில் செல்ஃபி கேமரா. பின்னால் வரும் டார்ச் வெளிச்சம் திரையில் நேராகத் தெரியும்படி பார்த்துக்கொண்டே மெதுவாக நடக்க வேண்டும். வெளிச்சம் விலகினால் அவரும் விலகி மறுபடி அதற்குள் வர வேண்டும். சுவரை அவர் பார்க்கவே இல்லை, ஆனாலும் நீங்கள் குறிவைத்த இடத்தில் போய் நிற்பார்.

இதில் கண் வாலில். ரஷ்யாவின் ரெஃப்ளெக்ஸ் வகை ஏவுகணைகள் டாங்கியின் 125 மி.மீ. பீரங்கிக் குழாயிலிருந்து இப்படிப் பறக்கின்றன. நம் ராணுவத்தின் டி-90 டாங்கிகள் சுடும் இன்வார் அந்தக் குடும்பம்தான். ஏவுகணை நேராகத் தன் டாங்கியின் ஒளியையே பார்ப்பதால் பலவீனமான லேசரே போதும். இலக்கிலுள்ள லேசர் உணரிகளுக்கு அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

படி 3: கை நடுங்குகிறதா?

டார்ச்சை ஒரே புள்ளியில் 17 வினாடி அசையாமல் பிடித்துப் பாருங்கள். இன்வார் 5 கி.மீ. போக ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்; அதுவரை சுடுபவர் குறியை விலக்கக் கூடாது. டாங்கி சுடும் அம்பு வடிவக் குண்டோ வினாடிக்கு 1.5 கி.மீ.க்கும் மேல் பாயும். ஆனால் குழாயைவிட்டுக் கிளம்பிய குண்டு திரும்பாது. தொலைவில் ஓடும் இலக்கு வளைந்து போனால் ஏவுகணைதான் கூடவே வளையும். மெதுவாகப் போய் எப்படித் துளைக்கிறது என்றால், அதன் வெடிமுனைக்கு வேகம் தேவையில்லை. வெடிக்கும்போது உலோகத் தாரை ஒன்று பீய்ச்சியடித்துக் கவசத்தைத் துளைக்கிறது.

அப்புறம், நடுவில் ஒரு போர்வையைப் பிடியுங்கள். இரண்டு முறையும் தோற்கும். டாங்கிகள் புகைக்குண்டு வீசுவது இதற்குத்தான்.

படி 4: செய்தியைப் படிப்பது

2020 செப்டம்பர் 22 அன்று அகமதுநகரின் கே.கே. சோதனைத் தளத்தில், அர்ஜுனின் 120 மி.மீ. குழாயிலிருந்து ஏவப்பட்ட இந்திய ஏவுகணை 3 கி.மீ. தொலைவு இலக்கைத் தாக்கியது. புனேயின் ஆயுத ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், அங்கேயே உள்ள வெடிபொருள் ஆய்வகம், டேராடூனின் கருவியியல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து செய்தது. லேசரால் இலக்கைச் சுட்டிக்காட்டி ஏவுகணை அதைப் பின்தொடர்கிறது என்றது அறிவிப்பு. சரி, இது படி 1.

‘இரட்டை வெடிமுனை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். இக்கால டாங்கிகளின் மேல் வெடிக்கும் கவசக் கட்டிகள் அடுக்கியிருக்கும். முதல் வெடிமுனை அந்தக் கட்டியை வெடிக்கவைத்து வழி திறக்கும். இரண்டாவது உண்மையான கவசத்தைத் துளைக்கும்.

அர்ஜுனும் டி-90உம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. அடுத்த முறை இரண்டில் எதைப் பற்றிச் செய்தி வந்தாலும், ஏவுகணையின் கண் மூக்கிலா வாலிலா என்று முதலில் தேடுங்கள்.