பேனா பிடித்தவர் தொழிற்சங்கத் தேர்தலில் நிற்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ‘எழுத்தாளர் சங்கம்’ என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம்தான். சோமா அரங்கத்தில் நூல் வெளியீடு, குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை. அது நல்ல உலகம், நானும் அங்கே வளர்ந்தவன்தான். ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், ஒப்புநோக்குகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் தொழிற்சங்கம் வேறு. இரண்டையும் நாம் ‘சங்கம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால், ஒன்றில் ஓட்டு கேட்ட பழக்கத்தை மற்றதற்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம். தேர்தலில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேயிருந்துதான் வருகிறது.

இலக்கியச் சங்கம் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது, சங்கப் பதிவிலாகா அதைப் பார்த்துக்கொள்கிறது. தொழிற்சங்கம் 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் வருவது, மனிதவள அமைச்சில் அதற்கென்று தனி இலாகா உண்டு. முன்னது எழுத்தைக் கொண்டாடும். பின்னது முதலாளிக்கு எதிரே மேசையில் உட்கார்ந்து, சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்று பேசிக் கையெழுத்து வாங்கும். அதனால் முன்னதில் பெருமை தருகிற பட்டங்களும் புத்தகங்களும் பின்னதில் ஒரு ஓட்டைக்கூட நியாயமாகப் பெற்றுத் தராது.

இதை நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு கிளைச் செயலாளர் பதவிக்கு நின்றேன். நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். பத்திரிகைச் சுதந்திரம், தமிழின் எதிர்காலம், எழுதுகிறவனின் மானம் எல்லாம் அதில் இருந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இரவு வேலையில் ஒப்புநோக்கும் அக்கா ஒருவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, “தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல வேலை முடிஞ்சா வண்டிக் காசு எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு? எனக்கு ரெண்டு மாசமா வரல” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தை நான் ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை. எனக்கு எதிராக நின்றவர் பக்கம் வடிவமைப்பவர், கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவர். அவர் அந்த இடத்திலேயே எத்தனையாவது விதி என்று சொல்லி, மறுநாள் காலையில் அக்காவோடு மனிதவளப் பிரிவுக்கும் போனார். அவர் ஜெயித்ததில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆகவே நிற்க நினைக்கிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கூட்டு ஒப்பந்தம். அதன் காலம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். நம் சட்டப்படி ஒரு கூட்டு ஒப்பந்தம் குறைந்தது 3 வருடம் நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் பதவிக்காலத்துக்குள் அது முடிகிறது என்றால், புதிய ஒப்பந்தத்தைப் பேசப் போகிறவர் நீங்கள்தான். முடியவில்லை என்றால், இருக்கிற ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதுதான் உங்கள் வேலை. இரண்டுக்கும் வேண்டிய ஆட்கள் வேறு, உறுப்பினரிடம் சொல்ல வேண்டிய சேதியும் வேறு.

நிற்கத் தகுதி இருக்கிறதா?

அறிக்கை எழுத உட்காருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. தொழிற்சங்கச் செயலவையில் யார் இருக்கக் கூடாது என்று தொழிற்சங்கச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக் கூடாது, நம்பிக்கை மோசடி, மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. இவை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். பலர் தடுக்கி விழுவது இன்னொன்றில். அரசியல் கட்சியில் பொறுப்பு வகிப்பவரும் கட்சியில் வேலை பார்ப்பவரும் தொழிற்சங்கச் செயலவையில் இருக்க முடியாது. சாதாரண உறுப்பினராக இருப்பது வேறு, பொறுப்பு வகிப்பது வேறு.

நம் சமூகத்தில் ஒரே ஆள் கோயில் நிர்வாகத்திலும் இருப்பார், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருப்பார், கட்சிக் கிளையில் செயலாளராகவும் இருப்பார். பொதுக்காரியம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். அப்படிப்பட்டவர் தொழிற்சங்கத் தேர்தலுக்கு வரும்போது கட்சிப் பொறுப்பை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ‘ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால், ஜெயித்த பிறகு யாராவது ஒரு கடிதம் போடுவார்கள். அப்புறம் சங்கமே மாதக்கணக்கில் அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

பதவி உயர்வு வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும். நிர்வாகம், உயர் அதிகாரி நிலை, ரகசியப் பணி, பாதுகாப்புப் பணி ஆகியவற்றில் இருப்பவர்களைச் சாதாரண ஊழியர்களின் தொழிற்சங்கம் பிரதிநிதிக்க முடியாது. நேற்றுவரை நிருபராக இருந்தவருக்கு இன்று ஆசிரியர் பொறுப்பு கொடுத்தால், அவர் எந்தப் பக்கம் வருகிறார் என்பது பட்டத்தின் பெயரை வைத்து முடிவாவதில்லை. செய்கிற வேலையை வைத்துத்தான் முடிவாகும். சந்தேகம் இருந்தால் மனு போடும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அப்புறம் சந்தா. உங்கள் சந்தாவை மட்டும் பார்த்தால் போதாது. முன்மொழிகிறவர், வழிமொழிகிறவர் சந்தா கட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நான் பார்த்த ஒரு தேர்தலில் நல்ல வேட்பாளர் ஒருவரின் மனு தள்ளுபடியானது, வழிமொழிந்தவரின் சந்தா பாக்கி காரணமாக. சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வேலை மாறியபோது நின்றுபோனது, அவர் கவனிக்கவில்லை. பொருளாளரிடம் ஒரு போன் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

கொடுக்க முடியாத வாக்குறுதிகள்

எழுதுகிறவர்களுக்கு இது பெரிய கண்ணி. வாக்கியம் நன்றாக வந்துவிட்டால், அது நடக்குமா என்று யோசிக்கத் தோன்றாது.

‘தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் பதவி உயர்வு வாங்கித் தருவேன்’, ‘இனி யாரையும் ஜோகூருக்கோ ஈப்போவுக்கோ மாற்ற விட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம், பிரிவு 13, உட்பிரிவு 3 இதற்கு இடம் கொடுப்பதில்லை. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, ஆள் குறைப்பு, வேலை நீக்கம், வேலை ஒதுக்குவது ஆகியவை நிர்வாகத்தின் உரிமை. பொதுவான நடைமுறையைப் பற்றிக் கேள்வி எழுப்பலாமே தவிர, கூட்டு ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் தொழிற்சங்கம் இவற்றைக் கோரிக்கையாக வைக்க முடியாது. இந்தப் பிரிவு நியாயமில்லை என்று தொழிற்சங்கவாதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், எனக்கும் அதே கருத்துதான். ஆனால் இருக்கிற சட்டத்தை மறைத்து ஓட்டு வாங்குவது உறுப்பினரை ஏமாற்றுவது. இடமாற்றத்தைத் தடுக்க முடியாது. ஆனால் மாறிப் போகிறவருக்கு வீட்டுச் செலவுப்படி, பொருள் ஏற்றும் செலவு இவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம். அதைச் சொல்லி ஓட்டு கேளுங்கள்.

இன்னொன்று வேலைநிறுத்தம். 2023இல் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்களின் தொழிற்சங்கம் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலையை நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவு தங்கள் எழுத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர், ‘நான் தலைவரானால் பேனாவைக் கீழே வைப்போம்’ என்று பேசத் தொடங்கினார்கள். அங்கே நடந்ததை முழுசாகப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு உறுப்பினர்களிடம் முதலில் வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்களில் 97.85 விழுக்காட்டினர் சரி என்றார்கள். தலைவர்கள் அந்த எண்ணோடுதான் மேசைக்குப் போனார்கள். நம் நாட்டிலும் ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பிரச்சினை தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் அந்த விஷயத்துக்காக நிறுத்தவும் முடியாது. வேலைநிறுத்தம் உறுப்பினர்களுடைய முடிவு. வேட்பாளர் அதைத் தன் பரிசுப் பொருளாகக் காட்டக் கூடாது.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1961 ஜூலையில் கோலாலம்பூரில் உத்துசான் மெலாயு என்ற மலாய்ப் பத்திரிகையின் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர் அதன் ஆசிரியர் சைட் சஹாரி. சம்பளம் அவர்களுடைய முக்கியக் கோரிக்கை இல்லை. ஆளும் கட்சி பத்திரிகையின் கொள்கையில் கை வைப்பதை எதிர்த்தார்கள். போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிங்கப்பூர் போன சைட் சஹாரியை அரசாங்கம் திரும்பி நாட்டுக்குள் விடவில்லை. ஒரே நாளில் முன்னணித் தலைவர் இல்லாமல் போனார். ஊழியர்கள் அதற்குப் பிறகும் நின்றார்கள், சுமார் மூன்று மாதம் இழுத்தது, கடைசியில் முறிந்தது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் எழுத்துத் தொழிலாளர் என்று பேசும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன். எல்லாத் தொடர்பும், எல்லாக் கணக்கும், எல்லாப் பேச்சும் தலைவர் ஒருவரிடமே இருப்பது ஆபத்து. ஆகவே நிற்கும்போதே, ‘நான் இல்லாத நாளில் இதை யார் செய்வார்?’ என்று கேட்டு அணியைச் சேருங்கள். நண்பர் என்பதற்காகப் பொருளாளராக நிறுத்தாதீர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவரை நிறுத்துங்கள்.

வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் தவறான நம்பிக்கை கொடுக்காதீர்கள். ஒரு கட்டுரைக்கு இவ்வளவு, ஒரு வானொலி நாடகத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்கள் நிலைமைதான் மிக மோசம். 2024 செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழில், ஒரே துறை என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கியது உண்மை. ஆனாலும் தொழிற்சங்கம் என்பது வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களின் அமைப்பு. எல்லாரையும் உறுப்பினராக்குவேன் என்று சொல்வதைவிட, வெளியார் எழுத்துக்கு 30 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுவேன் என்று சொல்வது நேர்மை.

ஓட்டுக் கேட்கும்போது

தமிழ் உறுப்பினர்களை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஒரே நிறுவனத்துக்குள் இயங்கும் சங்கத்தில் அது எடுபடலாம். என்யுஜே என்கிற தேசியப் பத்திரிகையாளர் தொழிற்சங்கத்தில் மலாய், சீன, ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் கோரிக்கையை மலாயில் ஐந்து நிமிடம் தடுமாறாமல் சொல்லிப் பழகுங்கள். அவர்களுடைய அலுவலகங்களுக்குப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் குறையும் அந்த அக்காவின் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரியும்.

சாதியைச் சொல்லி ஓட்டு எண்ணுவதைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. வெளியே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மாமாக் உணவுக்கடை மேசையில், ‘அவர் நம்ம ஆளு’ என்ற வார்த்தை காதில் விழத்தான் செய்கிறது. உங்கள் பெயரில் யாராவது அப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்த ஓட்டில் ஜெயித்தவர், நாளைக்கு வேறு சாதிக்காரருக்கு வேலை போகும்போது எந்த முகத்தோடு போய் நிற்பார்?

மொட்டைக் கடிதம் இன்னொரு கேடு. இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் மொட்டைக் கடிதம் மற்றவர்களுடையதைவிட ஆழமாகக் குத்தும், நடையை வைத்து யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரிந்தும்விடும். பழைய செயலவையின் கணக்கில் சந்தேகம் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுந்து கேளுங்கள். தேர்தல் முடிந்த அடுத்த மாதமே நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து முதலாளியிடம் பேச வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவர்களுக்கு நம் வாட்ஸ்அப் சண்டை முழுக்கத் தெரிந்திருக்கும்.

‘எனக்குத்தானே போட்டீங்க?’ என்று கேட்காதீர்கள். சட்டம் ரகசிய வாக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலக்கியச் சங்கங்களில் மூத்தவர் ஒருவரைச் சொல்லிக் கைதட்டி ஏகமனதாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கே அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தால் பயந்தவர்கள் வாய் மூடிவிடுவார்கள். மேலதிகாரி பக்கத்து மேசையில் இருக்கும்போது, எதிர்த்து நிற்கத் துணிகிற ஒருவருக்குப் பாதுகாப்பு அந்த மடித்த சீட்டுதான்.

தோற்றால் உறுப்பினர் சந்தாவை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அப்படி விலகாதீர்கள், பத்திரிகையே மூடுகிற நாளும் வரலாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது, அதே வருடம் உத்துசானும் கடையைச் சாத்தியது. அப்படி ஒரு நாள் வந்தால் நிலுவைச் சம்பளம், ஆள்குறைப்பு இழப்பீடு, ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பாக்கி என்று ஒவ்வொருவர் பெயருக்கும் கணக்குப் போட்டு மனு எழுத வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதத் தெரிந்த ஆள் அப்போதுதான் சங்கத்துக்கு மிகவும் தேவைப்படுவார். நான் தோற்ற அடுத்த வாரம், ஜெயித்த அந்த வடிவமைப்பாளர் என் மேசைக்கு வந்தார். “அண்ணே, அக்காவோட வண்டிக் காசுக்கு ஒரு கடிதம் எழுதணும். விதி எனக்குத் தெரியும், எழுத்து உங்களுக்குத்தான் வரும்” என்றார். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தோம். அடுத்த மாதச் சம்பளத்தில் அக்காவுக்குப் பாக்கி முழுவதும் வந்தது.