வளையம் வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டதா?

கடலடிச் சேற்றிலிருந்து புதிய ஆன்டிபயாடிக் தேடுபவர்கள் முதல் வாரத்திலேயே சறுக்குவதுண்டு. சேற்றைச் சத்து மிகுந்த சாதாரண அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்மத் தட்டில்) பரப்பி, இரண்டே நாளில் எடுத்துப் பார்ப்பார்கள். வேகமாக வளரும் கூட்டம் தட்டை மூடியிருக்கும். நமக்கு வேண்டியதோ மெதுவாக வளர்கிற ஆக்டினோபாக்டீரியா, பல ஆன்டிபயாடிக்குகளைத் தரும் பாக்டீரியா வகை. அதிலும் சாலினிஸ்போரா போன்றவற்றுக்குக் கடல்நீரின் உப்பு வேண்டும். சத்தைக் குறைத்து, கடல்நீரிலேயே ஊடகம் செய்து, தட்டு காயாமல் பார்த்துக்கொண்டு சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

சரி, பொறுத்தாயிற்று. வளர்ந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்த சாற்றில் நனைத்த சிறு காகித வட்டைச் சுற்றி, சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வளராமல் தெளிவான வளையம் விழுகிறது. கொண்டாட்டம் இங்கேதான் தொடங்குகிறது, தவறும் இங்கேதான். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து வைத்தாலும் வளையம் வரும்! வெறும் கரைப்பான் நனைத்த வட்டையும் பக்கத்தில் வைத்தீர்களா? சாற்றின் அமிலத்தன்மையைப் பார்த்தீர்களா? அதெல்லாம் தேறினாலும் பழைய ஆளே வந்து நிற்கலாம். ஸ்ட்ரெப்டோத்ரிசின் 1940களிலேயே தெரிந்த பொருள். இன்றும் திரும்பத் திரும்ப அகப்படுகிறது. ஆழத்திலிருந்து வந்தது என்பதற்காக மூலக்கூறு புதிதாகிவிடாது. மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன் மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அபிசோமைசினைத் தேடிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடைத்த வெருகோசிஸ்போரா என்ற பாக்டீரியா தந்த பொருள் அது, 2004இல் வெளியானது. ஆய்வாளர்கள் வளையத்தோடு நிற்கவில்லை. பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தால் வளையம் மறைகிறதா என்று பார்த்தார்கள். மறைந்தால், அந்த அமிலத்தைக் கிருமி தயாரிக்கும் அல்லது பயன்படுத்தும் வழியில்தான் அடி விழுகிறது என்று பொருள். கிருமிகள் அதைக் கொண்டுதான் ஃபோலேட் என்ற வைட்டமினைச் செய்துகொள்கின்றன. நமக்கோ கீரையும் பருப்பும் போதும். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸையும் அபிசோமைசின் தடுத்தது. அப்படியிருந்தும் இன்றுவரை மருந்துக் கடைக்கு வரவில்லை.

ஸ்டாஃபிலோகாக்கஸில் மட்டும் சோதித்துவிட்டு ‘எல்லாக் கிருமிக்கும் மருந்து’ என்று எழுதுவது இன்னொரு வழக்கம். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. பல மூலக்கூறுகள் அதைத் தாண்டுவதில்லை. மனிதச் செல்களையும் சிவப்பணுக்களையும் கொல்கிறதா என்ற சோதனையையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம், பிரித்தெடுத்த பாக்டீரியாவை முதல் வாய்ப்பிலேயே கிளிசராலில் கலந்து ஆழ்உறைநிலையில் வைத்துவிடுங்கள். தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டே இருந்தால் சில பாக்டீரியா அந்தப் பொருளைச் செய்வதையே நிறுத்திவிடும். பிறகு அதே சேற்றைத் தேடிக் கப்பலேற முடியாது.