குழந்தை இன்னும் தூங்கவில்லையா? பாட்டிலைக் கீழே வையுங்கள்

போன வாரம் ஒரு பி.ஜி. டாக்டர் (மேற்படிப்பு படிப்பவர்) டிரைகுளோஃபாஸ் பாட்டிலோடு வந்து நின்றார். பரிசோதனைக்கு முன் குழந்தைகளைத் தூங்கவைக்கும் சிரப் அது. "சார், கொடுத்து 20 நிமிஷம் ஆச்சு, தூங்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் கொடுக்கட்டுமா?" அதே வயதில் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. அன்று கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நானே கொடுத்துவிட்டேன்.

ஆக்சிஜனைச் சரிபார்ப்பது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தூக்க மருந்து கொடுப்பதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அவசரத்தில் இரண்டாவது டோஸ்

எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வந்த 2 வயதுப் பையன். சிரப் குடித்த கால் மணியில் கண் செருகியது. பக்கத்துக் குழந்தை அழுததும் விழித்துக்கொண்டு வீறிட்டான். எக்கோ அறையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். முதலில் கொடுத்ததில் பாதியை மறுபடி கொடுத்தேன். தூங்கினான், எக்கோவும் முடிந்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அரை மணி கழித்து அந்தப் பக்கம் போன சிஸ்டர்தான் பார்த்தார். மடியில் உட்கார்ந்த நிலையில் தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டியிருந்தது. கழுத்துக்குழி உள்ளே உள்ளே இழுக்கிறது, காற்று போகவில்லை. உதடு நாவல் பழம் தின்ற நிறம். படுக்கவைத்துத் தாடையைத் தூக்கியதும் ஒரு குறட்டைச் சத்தம், அப்புறம் மூச்சு வந்தது. பிழைத்தான். சாயங்காலம் வரை அவன் பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை.

இந்த சிரப் வேலை செய்ய 30 முதல் 45 நிமிஷம் ஆகும், சில குழந்தைகளுக்கு இன்னும் கூட. 20-வது நிமிஷத்தில் கொடுப்பது, முதல் டோஸ் உச்சத்துக்கு ஏறும்போது அதன்மேலே ஏறும். அதற்குள் எக்கோவோ தையலோ முடிந்திருக்கும். மார்பில் அழுத்துவதும் ஊசி குத்துவதும் குழந்தையை ஓரளவு விழிப்பில் வைத்திருக்கும். அது நின்றதும் தூக்கம் ஆழமாகும். நாம் எல்லோரும் அடுத்த குழந்தையிடம் போயிருக்கும் நேரமும் அதுதான். மிடசோலம் என்ற இன்னொரு தூக்க மருந்தையாவது ஃப்ளூமாசெனில் என்ற மாற்று மருந்து கொடுத்து முறிக்கலாம். டிரைகுளோஃபாஸை முறிக்க மருந்தே கிடையாது, பல மணி நேரம் உடம்பில் தங்கும்.

"தூங்காவிட்டால் மறுபடி கொடுக்கவும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் கழித்து? எழுதமாட்டார்கள். எக்கோவைத் தள்ளிப்போடலாம். வழக்கமாகத் தூங்கும் மத்தியான நேரத்தில் வரச்சொன்னால் பல குழந்தைகள் சொன்ன டோஸிலேயே தூங்கிவிடும். அந்த பி.ஜி.யிடம் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து அம்மாவைத் தட்டிக்கொடுக்கச் சொன்னேன். குழந்தை 40-வது நிமிஷம் தூங்கியது.

தூக்க மருந்தே வலியையும் பார்த்துக்கொள்ளும் என்பது

மிடசோலம் வலியைக் குறைக்காது. தையலுக்கு லோக்கல் (அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் ஊசி) தனியாகப் போட வேண்டும்.

டோஸ் கணக்குக்கு எடையைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுவது

குழந்தையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

"பால்தான் குடிச்சான்"

என்ன பால் என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும்: தண்ணீர் குடித்து 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பாலுக்கு 6.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது

கண் திறந்தால் போதாது. கூப்பிட்டால் திரும்ப வேண்டும், தானாகத் தலையை நிமிர்த்தி உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். எப்படிப் போகப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். பைக்கில் அப்பா முதுகுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தலை தொங்கினால் வீடு போய்ச் சேரும் வரை யாருக்கும் தெரியாது.