ஜூன் 5-ல் வைத்த கன்று: பூங்கா நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையில் பூங்காவுக்காக ஆட்கள் கூடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் கன்று நடத்தான். அதையும் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று நடுகிறார்கள். முதல் தவறே அந்தத் தேதிதான். சென்னைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில்தான் வரும். அக்னி நட்சத்திரம் முடிந்த ஒரே வாரத்தில் வைக்கிற கன்று, நடுவே விட்டுவிட்டுப் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைத் தவிர, நான்கு மாதம் பெரும்பாலும் வாளித் தண்ணீரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்றுக்குத் தடவைக்கு 15 லிட்டர், 30 கன்றுக்கு 450. வாரம் மூன்று தடவை என்றால் 1,350 லிட்டர். இதை யார் சுமப்பது என்று எந்த அழைப்பிதழிலும் போட்டிருக்காது.

ஜூன் 5-ஐ விட மனசில்லையா? அன்றைக்கு இருக்கிற மரங்களுக்குப் பாத்தி கட்டுங்கள். விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்குங்கள். கிளையில் சுற்றிய சீரியல் லைட் ஒயரை அவிழுங்கள். நடவைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மழை தொடங்குவதற்குள் வேர் கொஞ்சம் பிடித்திருக்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரே கன்றை வாங்குவது அடுத்த தவறு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணலும் உப்புக் காற்றும். அங்கே புன்னையும் பூவரசும் தாங்கும். வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். அங்கே வேம்பு வேண்டாம், வேர் அழுகிவிடும். நீர்மருது, நாவல், புங்கன் வையுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சாய்த்தவற்றில் குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் ஏராளம். பூ அழகாக இருக்கிறது என்று குல்மோஹரையே திரும்பக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குழியைச் சிறப்பு விருந்தினர் வந்த பிறகு தோண்டலாம் என்று விடாதீர்கள். பல பூங்காக்களில் அரை அடிக்குக் கீழே இடித்த கட்டடக் கற்கள்தான். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் எடுக்க, கடப்பாரை பிடித்த இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாள் முன்பே எடுத்துவிட்டுப் பலகை போட்டு மூடுங்கள். சாயங்காலம் பிள்ளைகள் ஓடுகிற இடம். கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். கறுப்புக் கவரோடு நட்டுவிட்டுப் போவது இன்னமும் நடக்கிறது. பிளேடால் கீறி எடுக்க வேண்டும், பிடித்து இழுத்தால் வேர் அறுந்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் மண்ணைக் குவித்தால் தண்டு அழுகும். ஓரடிக் கன்று ஆட்டுக்கும் கால்பந்துக்கும் தப்பாது. ஐந்தடி உயரமாகப் பார்த்து வாங்குங்கள். பையன்கள் பந்தாடும் திறந்த இடத்தின் நடுவில் மட்டும் நடவேண்டாம். கன்றும் பிழைக்காது, பையன்களின் பகையும் வந்து சேரும்.

ஊற்றும் தண்ணீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கடலோரப் போர்வெல் தண்ணீர் கரித்தால் இலை ஓரம் பழுப்பாகக் கருகும். அப்போது மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர்தான் வழி.

துப்புரவு நாள் என்றால் கூட்டத்தைவிடக் கருவி முக்கியம். நூறு பேரை வரச்சொல்லிவிட்டு எட்டு மண்வெட்டி வைத்திருந்தால் மீதிப் பேர் செல்ஃபிதான் எடுப்பார்கள். மூன்று பேருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூசிய துணிக் கையுறை. மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை புதருக்குள் கிடக்கும் பாட்டில் சில்லுக்கு முன்னால் நிற்காது. சில்லுகளையும் ஊசிகளையும் கோணியில் போட்டால் அதைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் காலைக் கிழிக்கும். பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதி ஒட்டிக் கொடுங்கள். சருகைக் கொளுத்தாதீர்கள். மரத்தடியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள்.

அனுமதி விஷயத்தில் வாய்மொழிச் சம்மதத்தோடு நின்றுவிடுகிறார்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல். நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. பேப்பர் கப் தானே என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கும் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள், சுண்டலுக்கு வாழையிலைத் துண்டு போதும்.

மைக் செட்டுக்குப் பூங்கா விளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போடவே கூடாது. ஈரப் புல்லில் ஒயர் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. நாற்காலிகளை '8' வடிவ நடைபாதையில் போடாதீர்கள். காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது.

நட்ட பிறகு வாச்மேனிடமும் தோட்டக்காரரிடமும் சொல்லாமல் போய்விடுவது பெரிய பிழை. எந்த வாரம் யார் ஊற்றுவது என்று பெயரோடு எழுதி அவர்கள் அறைச் சுவரில் ஒட்டுங்கள். கிளை முறிந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குச் சொல்லலாம். இன்னொன்று, கன்றைச் சுற்றி வைக்கிற இரும்புக் கூண்டு. இரண்டு, மூன்று வருடத்தில் அதைக் கழற்றாவிட்டால் தண்டு பருத்துக் கம்பி உள்ளே பதிந்துவிடும். கழற்ற வேண்டிய மாதத்தையும் வருடத்தையும் நடும் அன்றைக்கே கூண்டின் மேல் பெயின்டில் எழுதிவிடுங்கள்.