மேனேஜருக்குக் கடிதம் எழுதும் முன்: முறைகேட்டை வெளியே சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த ஓர் அக்கா, பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை என் மேசைமேல் விரித்தார். மொத்தம் எட்டு மாதச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஊழியர் சேமநிதிக்குப் பணம் பிடித்திருந்தார்கள். அவருடைய சேமநிதிக் கணக்கிலோ அந்த எட்டு மாதத்துக்கும் ஒரு சென்கூட ஏறவில்லை.

அதைக் கண்டுபிடித்தவுடன் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டிருக்கிறார். மேனேஜருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். பிறகு தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் சீட்டுகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார். பத்தே நாளில் வேலை போய்விட்டது. "சட்டம் காப்பாற்றும் என்று மகன் சொன்னானே, தம்பி" என்றார்.

மகன் சொன்னது பொய்யல்ல. அவன் இணையத்தில் படித்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டம். அங்கே மேலதிகாரியிடம் முறையிட்டாலே பாதுகாப்பு உண்டு. சொல்லப்போனால், அரசு அமைப்புக்குப் போகும் முன் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்பதே அங்குப் பொதுவிதி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். டெக்சஸில் இதற்கென உள்ள சட்டம் அரசு ஊழியர்களுக்கு மட்டும். மிச்சிகனில் தனியார் தொழிலாளிக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஒரு மாநிலத்துச் சட்டத்தை நம்பிப் பக்கத்து மாநிலத்தவரே இறங்க முடியாதபோது, பேராக்கில் இருக்கும் நாம் எப்படி இறங்குவது?

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான குழப்பம் ஒன்று உண்டு. ஜொகூரில் ஒரு சட்டம், கெடாவில் ஒரு சட்டம் என்று நினைக்கிறார்கள். சபா, சரவாக்கில் தொழிலாளர் சட்டம் தனி என்பது உண்மை. ஆனால் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 கூட்டரசுச் சட்டம், நாடு முழுவதற்கும் ஒன்றே.

அந்தச் சட்டத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: முதலில் யாரிடம் சொல்வது? விசாரித்து நடவடிக்கை எடுக்கும் சட்ட அதிகாரம் உள்ள அமைப்பிடம் சொன்னால்தான் பாதுகாப்பு. போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம், சேமநிதி வாரியம் போன்றவை அந்த வகை. மேனேஜர் அந்த வகையில் வரமாட்டார், தலைமையகத்து மனிதவள அதிகாரியும் வரமாட்டார். பத்திரிகையும் வராது, வாட்ஸ்அப் குழுவும் வராது. தேசிய கால்நடைத் திட்ட விவகாரத்தில் வங்கி விவரங்களை ஊடகத்துக்குக் கொடுத்ததற்காக 2012-இல் குற்றஞ்சாட்டப்பட்ட ரஃபிசி ராம்லிக்கு 2018-இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல்தான் மேல்முறையீட்டில் விடுதலையானார். நாடறிந்த அரசியல்வாதிக்கே ஏழு ஆண்டு அலைச்சல் என்றால், நாள்கூலிக்குக் குலை வெட்டுபவரை நினைத்துப் பாருங்கள்.

சரியான இடத்தில் சொல்லியிருந்தால் அந்த அக்காவுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் பெயரை வெளியே விடுவது குற்றம். புகாருக்காக வேலையை விட்டு நீக்குவதும், சம்பளத்தைக் குறைப்பதும், மிரட்டுவதும் குற்றம். இப்படிப் பழிவாங்குவதற்கு 15 ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டும். அதே தோட்டத்தில் வேலை செய்யும் கணவருக்கும் அந்தப் பாதுகாப்பு நீளும். ஆனால் அவர் வேலை போனது புகாருக்கு முன்பே. குழுவில் 140 பேர் பார்த்துவிட்ட பெயரை இனி யார் மறைப்பது?

மலாயில் எழுத வராது என்று தயங்குவதும் வீண். வாய்மொழியாகவே சொல்லலாம், அதிகாரிதான் அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வராத ஆளை வந்ததாகப் பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) குறித்துக்கொடுத்த மண்டோர் (மேற்பார்வையாளர்) பிறகு அதையே புகாராகக் கொண்டுபோனால், தானும் அதில் பங்கெடுத்தவர் என்ற காரணத்தால் பாதுகாப்பு பறிபோகும். அதிகாரிகள் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதைத் தளர்த்துகிறது. ஆனாலும் தன் பங்கை மறைத்துப் பேசாமல், முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அக்காவுக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக்கொடுக்கலாம். 61-ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். "மேனேஜர் மனம் மாறுவார்" என்று காத்திருந்தே அந்த 60 நாளைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

நீக்கக் கடிதத்தின் தேதியைப் பார்த்து நாட்காட்டியில் எண்ணினோம். அன்று பதினோராவது நாள். மறுநாள் காலை ஈப்போ பஸ்ஸில் அவர் மடியில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று சேமநிதி அலுவலகத்துக்கு, மற்றொன்று இலாகாவுக்கு.