சின்ன ஸ்டூடியோவுக்கு போட்டோ பிரிண்டர்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஸ்டூடியோ தொடங்கிய புதிதில், விலை குறைவு என்று நான்கு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கி ஆறு மாதம் சிரமப்பட்டேன். புதிதாகக் கடை போடுபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

1. ஆர்டர் நோட்டைப் பாருங்கள்

ஒரு மாத ஆர்டரை சைஸ் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். எங்கள் கடையில் பத்தில் எட்டு பாஸ்போர்ட் சைஸ்தான். 35×45 மில்லிமீட்டர் படம் ஒரு 4×6 இன்ச் ஷீட்டில் எட்டு அடங்கும். கல்யாண ஆல்பம் எப்படியும் வெளியே போட்டோ லேபுக்குத்தான் போகிறது. காதுகுத்துப் படத்துக்கு 12×18 பிரேம் கேட்டாலும் அங்கேயே கொடுத்துவிடலாம். ஏ3 மெஷினில் பணத்தை முடக்க வேண்டாம், ஏ4 போதும்.

2. இங்க்கா, டைசப்பா?

விழா மண்டபத்திலேயே படம் எடுத்துக் கையில் கொடுப்பவர் என்றால் டைசப் (கலர் ரிப்பனைச் சூடாக்கிப் பேப்பரில் ஏற்றும் மெஷின்) வாங்குங்கள். அந்த வகையில் டிஎன்பி ஆர்எக்ஸ்1 எச்எஸ் ஒரு ரோலில் 700 படம் (4×6) போடும். படம் காய்ந்தே வெளியே வரும், தண்ணீர் பட்டாலும் கலையாது. ஆனால் ஏ4 வராது. கடையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு கலர் இங்க் டேங்க்தான் சரி.

3. கறுப்பைச் சோதியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். என் பழைய மெஷினில் தலைமுடி பழுப்படித்து வந்தது. மானிட்டரைச் சந்தேகப்பட்டேன், மூன்று கம்பெனி பேப்பர் மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. ஆபீஸ் வேலைக்கான பல நான்கு கலர் மெஷின்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத்தூள் கலந்த மை. அது கிளாஸி பேப்பரில் ஊறாமல் மேலேயே நின்று கையில் ஒட்டும். அதனால் போட்டோ பேப்பர் என்று தேர்வு செய்ததும், மெஷின் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று கலரைக் கலந்து கறுப்பாக்குகிறது. பழுப்பு அங்கிருந்துதான் வந்தது.

ஆகவே டீலரின் சாம்பிள் பிரிண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எடுத்த மூன்று படங்களை 1200×1800 பிக்சலில் பென்டிரைவில் கொண்டு போங்கள்: வெள்ளைப் பின்னணியில் ஒரு பாஸ்போர்ட் படம், மாநிற முகம் ஒன்று, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. கிளாஸி பேப்பரில் போடச் சொல்லி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ ரோஸோ தட்டினால் வேறு மெஷின் பாருங்கள்.

என் தேர்வு எப்சன் எல்8050. அதில் வெளிர் சயான், வெளிர் மஜென்டா இரண்டும் தனி மையாக இருப்பதால் முகத்தில் புள்ளி தெரியாமல் வழவழப்பாக வருகிறது. கறுப்பு வெள்ளை வேலை அதிகம் என்றால், சாம்பல் மை உள்ள கேனான் ஜி570 பாருங்கள்.

4. கணக்கு

மெஷின் 30,000 ரூபாய் என்று வையுங்கள். மை, பேப்பர், வீணாகும் ஷீட், கரண்ட் போக ஒரு ஷீட்டுக்கு 10 ரூபாய் நின்றால், 3,000 ஷீட்டில் முதல் திரும்பும். தினம் 10 ஷீட் போனால் 300 நாள். அதற்கும் குறைவாகப் போனால் இன்னும் கொஞ்ச நாள் லேபுக்கே கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து வாங்கிய சிலர், படம் சிவந்து வருகிறது என்றார்கள். போட்டோஷாப்பும் பிரிண்டர் டிரைவரும் ஒரே நேரத்தில் கலரைத் திருத்தினால் அப்படி ஆகலாம். போட்டோஷாப்பில் பேப்பருக்கான புரொபைலை (அந்தப் பேப்பருக்கேற்ற கலர் விவரம் உள்ள ஃபைல்) தேர்ந்தெடுத்தால், டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வையுங்கள்.

இன்னொருவருக்குக் கோடு கோடாக வந்தது. கடை பூட்டும்போது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாராம். பிரிண்டரின் பட்டனில் அணைத்தால்தான் மை தெளிக்கும் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் மை காய்ந்துவிடும். முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு மெயின். இரண்டு மூன்று நாள் ஆர்டர் இல்லாவிட்டாலும் ஒரு நாசில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பிரிண்ட்) போட்டுவிடுங்கள்.